நெருக்கத்தின் நாட்களில் விசுவாசம்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகள் மருத்துவமனைப் படுக்கையோரத்திலும், புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் துக்க வீட்டிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும் வேளையில் சற்று ஒதுங்கி நின்றும் நம் மக்கள் கேட்பவை. சபையில் நோயாளிகளையும் துக்கத்தில் இருப்பவர்களையும் சென்று சந்திக்கும் ஊழியத்தில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் போதகரும் அல்ல, மருத்துவரும் அல்ல. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு இதைப் படிக்கத் தொடங்கியவர்கள் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம்; முதலில் 1767 என்ற எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் அங்கே ஆள் இருப்பார்கள்.

ஜெபித்தும் கஷ்டம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் விசுவாசம் தரும் பெலன் என்பது எது?

பெலன் என்றவுடன் நம்மில் பலர் கஷ்டம் விலகிப்போவதையே நினைத்துக்கொள்கிறோம். சில வேளைகளில் அது விலகும். விலக வேண்டும் என்று ஜெபிப்பதும் நியாயமே. ஆனால் உத்தமமாக ஜெபித்தவர்களுக்கே அது விலகாமல் இருந்ததை வேதாகமம் மறைக்கவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை, அவரைப் பலப்படுத்த ஒரு தூதன் வந்ததாக லூக்கா எழுதுகிறார்.

இதற்குச் சாட்சி நம்முடைய ஊரிலேயே உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய கைது நடவடிக்கையில் கெம்பெய்டாய் ராணுவப் போலிசார் 57 பேரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் 15 பேர் காவலிலேயே இறந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சன். அவரைப் பல நாள் வதைத்தார்கள். உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை என்று வதைத்தவர்கள் கேட்டபோது, அவர் என்னைக் காப்பாற்றுகிறார், வேதனையை எடுத்துப்போட்டு அல்ல, அதைத் தாங்கும் ஆவியைத் தந்து காப்பாற்றுகிறார் என்று தாம் பதில் சொன்னதாக, 1946ல் பிபிசி வானொலியில் ஆற்றிய பிரசங்கத்தில் அவர் கூறினார். போருக்குப் பின், தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்கே திடப்படுத்தல் ஆராதனை நடத்தி அவரைச் சபையில் சேர்த்துக்கொண்டார். நான் நம்பும் பெலன் இதுதான். இது பிரசங்க மேடையில் இருந்து வந்த கருத்து அல்ல, ஆர்ச்சர்ட் ரோட்டில் வதை நடந்த அந்தக் கட்டடத்தில் இருந்து வந்தது என்பதால் அதிகமாகவே நம்புகிறேன்.

நம் வாழ்க்கையில் அந்தப் பெலன் பெரிய தரிசனமாக வருவது அரிது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பேரப்பிள்ளையை நலம் விசாரிக்கிறார் என்றால், நோய் அவரை முழுவதும் விழுங்கிவிடவில்லை என்று பொருள். நாம் தேடுவது கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன், அது இந்த உருவில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எனக்கு வந்த நோய் என் பாவத்திற்குத் தண்டனையா? பரம்பரைச் சாபம் என்றும் ஒருவர் சொன்னார்.

பிறவியிலே குருடனாயிருந்த மனிதனைக் கண்ட சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் இரண்டு வழியையும் அடைத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிதாக்கள் திராட்சக்காயைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று இஸ்ரவேலில் வழங்கிய பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் கர்த்தரே தடுக்கிறார். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும், சாபத்தை உடைக்கச் சிறப்பு ஜெபம் செய்கிறோம் என்று சொல்லி ஏற்கெனவே நொந்துபோன குடும்பத்தின் தலையில் தாத்தா பாட்டியின் குற்றங்களையும் ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நற்செய்தி அல்ல.

நாம் செய்யும் செயல்களுக்கு விளைவு உண்டு என்பது வேறு. குடியினால் ஈரல் கெட்டால் அதற்குக் காரணம் தெரிகிறது. அங்கே மனந்திரும்புதலும் சிகிச்சையும் இரண்டுமே வேண்டும். அப்போதும்கூட, திரும்பி வருகிற மகனைத் தகப்பன் தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறான் என்பதுதான் ஆண்டவர் சொன்ன கதை.

தேவன்மேல் கோபம் வருகிறது. அதை ஜெபத்தில் சொல்லலாமா? அது பாவமல்லவா?

சொல்லலாம். சொல்வதற்கென்றே வேதாகமத்தில் ஜெபங்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிறார். 150 சங்கீதங்களில் துதிப் பாடல்களுக்கு நிகராகப் புலம்பல்களும் நிறைந்திருக்கின்றன. புலம்பல் என்றே பெயர் கொண்ட தனிப் புத்தகமும் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. நண்பர்களும் விலகிப்போனார்கள், இருள்தான் மிச்சம் என்ற இடத்திலேயே அது நின்றுவிடுகிறது. அந்தச் சங்கீதத்தை யாரும் வெட்டி எறியவில்லை, நல்ல முடிவு ஒன்றை ஒட்டவைக்கவும் இல்லை. இன்று உங்கள் ஜெபம் இருளில் முடிந்தாலும் அது ஜெபம்தான்.

சிலுவையில் இயேசு, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கூப்பிட்டுச் சொன்னார். கைவிட்டதாகத் தோன்றும் வேளையிலும் "என் தேவனே" என்று அவரிடமே முறையிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். தேவனைப் பற்றி மற்றவர்களிடம் மட்டும் பேசிப் பேசி மனம் புளித்துப்போவது ஆபத்தானது. அவரிடமே நேராகச் சண்டை போடுவது உறவு அறுந்துபோகவில்லை என்பதற்கு அடையாளம். யோபு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபின்மேல் அல்ல, தேவனுக்காக வாதாடுவதாக நினைத்து யோபைக் குற்றப்படுத்திக்கொண்டிருந்த நண்பர்கள்மேல்.

எந்நேரமும் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொண்டிருந்தால்தான் ஆவிக்குரியவன் என்ற ஒரு வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. துதி நல்லது. ஆனால் அழ வேண்டியவனை அழவிடாத துதி அவனைத் தனிமையில் தள்ளிவிடுகிறது. அவன் அடுத்த வாரம் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறான்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

வார்த்தை இல்லாமலேயே உட்கார்ந்திருங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கையில், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. பெருமூச்சு மட்டுமே மிச்சமிருக்கும் நாளுக்காக எழுதப்பட்ட வசனம் அது. அதுவும் கடினமாக இருந்தால் கர்த்தருடைய ஜெபத்தையோ ஒரு சங்கீதத்தையோ வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். சொந்த வார்த்தை வற்றிப்போகும்போது முன்னோர் விட்டுச்சென்ற வார்த்தை கைகொடுக்கும். சிறுவயதில் மனப்பாடமான பாமாலைப் பாட்டோ கீர்த்தனையோ ஒன்று, காலை எம்ஆர்டி நெரிசலில் நின்றபடியே மனதுக்குள் ஓடினால் அதையும் ஜெபம் என்றே எண்ணலாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மகனுக்காக அழுத ஒரு தகப்பன் சொன்ன ஒற்றை வரியை, அரைகுறை விசுவாசம் என்று சொல்லி இயேசு திருப்பி அனுப்பவில்லை.

விசுவாசம் இருந்தால் மருந்து தேவையில்லை என்கிறார்களே? மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா?

எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் அழுதபோது, அவரைக் குணமாக்குவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே அடுத்த நிமிடம், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன. லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று எழுதுகிறார். ஆகவே சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்துவிட்டு வந்தபின் இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவு நம் இனத்தாரிடம் அதிகம் உள்ள நோய். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருத்துவமனை வார்டுகளில் தெரியும். தேவன் சுகம் தந்திருந்தால் பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லும்.

மனச்சோர்வு நோய்க்கும் இதே நியாயம்தான். மூளையும் உடலின் ஓர் உறுப்பே. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் தம் ஜெப வாழ்க்கைக்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், தூக்கம் திரும்பி வந்த பிறகுதான் பலரால் மறுபடியும் ஜெபிக்கவே முடிகிறது. மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. மனநல உதவிக்கான தேசிய மைண்ட்லைன் எண் 1771; அதுவும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. இப்படி நினைத்தாலே தேவன் என்னைத் தள்ளிவிடுவாரா?

இல்லை. மோசே, எலியா, யோனா ஆகிய மூவரும் தங்கள் உயிரை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடமே கேட்டவர்கள். எலியாவின் கதை 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெரிய வெற்றிக்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடிய அவர், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவும் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி உணவு கொடுத்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். பேச்செல்லாம் அதற்குப் பின்னர்தான். அதன்பிறகு எலிசா என்ற ஒரு துணை கிடைத்தார். சாக வேண்டும் என்று சொல்லும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கம், சாப்பாடு, கூட ஓர் ஆள் என்பதை இதைவிட அழகாகச் சொல்லும் வேறு பகுதி எனக்குத் தெரியாது.

அதனால் இந்த எண்ணத்தோடு தனியாக இருக்காதீர்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. பேசத் தயங்குபவர்கள் 9151 1767 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். உடனடி ஆபத்து என்றால் 995. போலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் அல்ல. வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால், சும்மா பயமுறுத்துகிறார் என்று விட்டுவிடாமல் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது.

ஒருவரை ஏற்கெனவே இப்படி இழந்தவர்கள் கேட்கும் கேள்வி இன்னும் வேதனையானது: அவர் இரட்சிக்கப்படுவாரா? மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று ரோமர் 8 முடிகிறது. நோயுற்ற மனம் ஓர் இரவில் செய்ததைக் கொண்டு தேவன் ஒரு முழு வாழ்க்கைக்குத் தீர்ப்பெழுதுகிறவர் அல்ல என்றே நான் நம்புகிறேன். அப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் போதிக்கிறது.

கணவர் அடிக்கிறார். "உன் சிலுவையைச் சுமந்துகொள், ஜெபித்துப் பொறுத்துக்கொள்" என்று சபையிலேயே சொல்கிறார்கள்.

அது தவறான ஆலோசனை. ஆண்டவர் சுமக்கச் சொன்ன சிலுவை அவரைப் பின்பற்றுவதால் வரும் பாடு. ஒருவருடைய கோபத்துக்கும் குடிக்கும் உங்கள் உடலைக் கொடுப்பது அல்ல. நாசரேத்தூரார் தம்மை மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். தமஸ்குவில் பவுலைச் சீடர்கள் இரவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கித் தப்புவித்தார்கள். எருசலேமில் அவரை வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சட்டப் பாதுகாப்பைக் கேட்டார். தப்பிப்பதும் சட்டத்தை நாடுவதும் விசுவாசிகள் செய்தவையே.

வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000, 24 மணி நேரமும் உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு விவாகரத்து செய்ய வேண்டும் என்பதில்லை. மன்னிப்பைப் பற்றிய பேச்சு நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்தில் இருக்கும்போது நடக்கட்டும். மன்னித்தாலும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய கடமை இல்லை.

வேலை போய்விட்டது, கடன் ஏறுகிறது. சபையில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று தோன்றுகிறது.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கணவன் தேவபக்தியுள்ளவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டு இறந்துபோனான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கக் கொண்டுபோக வந்துவிட்டான். எலிசா அவளிடம் சொன்ன முதல் வேலை, அண்டை வீட்டாரிடமெல்லாம் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு என்பது. எண்ணெய் பெருகிய அற்புதம் அதற்குப் பிறகு. அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டாமல் வாய் மூடி இருந்திருந்தால் எண்ணெய் ஊற்ற ஏனம் இருந்திருக்காது. தேவனிடம் கேட்பதையும் மனிதரிடம் கேட்பதையும் எதிரெதிராக வைக்க வேண்டாம்.

சமூக சேவை அலுவலகத்தின் காம்கேர் உதவிக்கு 1800 222 0000 என்ற எண்ணை அழைக்கலாம். பிள்ளைகளின் படிப்புக்குச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது. குடும்பச் சேவை நிலையம் உங்கள் பேட்டையிலேயே இருக்கும். மருத்துவமனைக் கட்டணம் என்றால் அங்குள்ள மருத்துவ சமூக ஊழியரிடம், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்டு பற்றிக் கேளுங்கள். குறுஞ்செய்தியில் உடனடிக் கடன் தருவதாக வரும் கடன் முதலைகளின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

ஒன்றைக் கோபத்தோடே சொல்ல வேண்டியிருக்கிறது. கடனில் இருப்பவரிடம், விசுவாசத்தோடு விதைத்தால் நூறத்தனையாய்த் திரும்பி வரும் என்று காணிக்கை கேட்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் அதிக ஆக்கினையை அடைவார்கள் என்று இயேசு சொன்னது அப்படிப்பட்டவர்களைப் பற்றியே. கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் சபையின் வேலை, அதனிடம் வாங்குவது அல்ல.

நான் தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர். ஊரில் அம்மா இறந்துவிட்டார், போக முடியவில்லை.

அடக்க ஆராதனையைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு மறுநாள் வேலைத்தளத்துக்குப் போக வேண்டிய நிலை மிகக் கொடியது. கொவிட் தொற்றினால் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தது; ஆலயங்களும் மூடியிருந்தன. விடுதிகளில் இருந்த ஊழியர்களுக்கோ அந்தக் கட்டுப்பாடு அதன் பிறகும் வெகுகாலம் நீண்டது. அக்காலத்தில் தாயையோ தகப்பனையோ இழந்தவர்களில் சிலர் இன்னும் முழுமையாக அழுது முடிக்கவில்லை.

உங்களுக்கு இங்கேயே ஒரு துக்க ஆராதனை நடத்தும்படி ஏதாவது ஒரு தமிழ்ச் சபையின் போதகரைக் கேளுங்கள். நீங்கள் அந்தச் சபையின் அங்கத்தினராக இருக்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலையில் அறைத் தோழர்கள் நாலு பேர் கூடி, அம்மாவின் பெயரைச் சொல்லி, அவர் சமைத்ததையும் திட்டியதையும் பேசி ஜெபித்தாலும் அது முறையான துக்கமே. வீட்டைவிட்டுத் தூரமாய் ஒரு கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்த யாக்கோபு, விழித்தபோது, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றார். வேலை, சம்பளப் பிரச்சினைகளுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. மருத்துவத்துக்கும் மனநல ஆலோசனைக்கும் 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பை நாடலாம். எந்த மதத்தவரும் போகலாம்.

இறந்தவருக்காக அழுதால், "அவர் பரலோகத்தில் இருக்கிறாரே, ஏன் அழுகிறீர்கள்" என்கிறார்கள்.

லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு இரவெல்லாம் பாடும் நாட்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். கூடாரத்தைப் பிரித்த பின், நாற்பதாம் நாள், முதல் கிறிஸ்மஸ், அவருடைய பிறந்தநாள் ஆகியவைதான் கடினமானவை. அந்நாட்களில் தனியாக இருக்க வேண்டாம் என்று இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கலக்கம், தகனம் பற்றியது. சுவா சூ காங் கல்லறையில் 15 ஆண்டு மட்டுமே இடம் என்ற விதி 1998 முதல் உள்ளது. அதன்பின் எலும்புகளைத் தோண்டி எடுப்பார்கள். அந்த நாளை நினைத்தே பலர் மண்டாயில் தகனத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், ஆனால் ஊரில் உள்ள பெரியவர்கள் உயிர்த்தெழுதல் என்ன ஆகும் என்று கேட்டு மனதைக் குழப்பிவிடுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963லேயே தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. மற்ற சபைகளிலும் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கினவருக்குச் சாம்பல் தடையாகாது. செய்த முடிவுக்காக உங்களை நீங்களே வாதித்துக்கொள்ள வேண்டாம்.

துன்பத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது என்ன பேச வேண்டும்?

குறைவாகப் பேசுங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "எல்லாம் நன்மைக்கே", "தேவன் தாங்க முடியாததைத் தரமாட்டார்", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" ஆகிய மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ரோமர் 8:28 உண்மையான வசனம்தான்; ஆனால் அதைத் துன்பப்படுகிறவர் தாமே ஒருநாள் சொல்லலாம், நாம் போய் அவர்மேல் போடக் கூடாது. காலையில் வாட்ஸ்அப்பில் பூப் படத்தோடு வசனம் அனுப்புவதையும் சந்திப்பு என்று கணக்கிட வேண்டாம்.

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். வியாழக்கிழமை சாம்பார் சாதம் கொண்டுவருகிறேன், புதன்கிழமை உங்கள் மகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து நான் கூட்டிவருகிறேன், அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நானும் வருகிறேன் என்று நாளும் வேலையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனையில் பத்து நிமிடம் போதும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, பக்கத்துப் படுக்கைக்காரரைத் தொந்தரவு செய்யாத குரலில் சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். மூன்றாம் மாதம் எல்லாரும் மறந்தபின் மறுபடியும் போங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியருக்கு எழுதப்பட்டது இப்படித்தான் நடக்கிறது.

குடும்பத்தில் நான் ஒருத்தி மட்டுமே கிறிஸ்தவள். இந்துவான அக்கா, மாமாவிடம் உதவி கேட்பது என் சாட்சியைக் கெடுக்குமா?

கெடுக்காது. சாரிபாத்தில் எலியாவைப் போஷித்தவள் இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்ல. தேவனே அவரை அவள் வீட்டுக்கு அனுப்பினார். அக்கா கொண்டுவரும் சோற்றை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கு முடியாதபோது நீங்கள் போய் நில்லுங்கள்.

தமிழில் ஆராதித்து மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். எங்கே போகலாம்?

துக்கம் தாய்மொழியில்தான் வெளியே வரும் என்பவர்களுக்கு இந்த ஊரில் நல்வாய்ப்பு உண்டு. 1888ல் கட்டி முடிக்கப்பட்ட ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. இன்றும் அங்கே தமிழ்த் திருப்பலி உண்டு. மெதடிஸ்ட் ஊழியம் 1885ல் சிங்கப்பூருக்கு வந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் இருக்கிறது. ஆங்கிலிக்கன் தமிழர்களுக்கு டோர்செட் ரோடு கிறைஸ்ட் சர்ச் உண்டு. இவை தவிர லுத்தரன், பெந்தெகொஸ்தே தமிழ்ச் சபைகளும் பல வட்டாரங்களில் கூடுகின்றன. ஞாயிறு கூட்டத்தில் நுழையத் தயக்கமாக இருந்தால், வாரநாளில் ஆலய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, போதகரையோ ஃபாதரையோ தனியாகச் சந்திக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். காரணத்தை முன்கூட்டியே விளக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் இடத்தில் உங்கள் பேச்சைக் கேட்காமல் உபதேசம் தொடங்கிவிட்டால், அதோடு நிறுத்திவிடாமல் இன்னோர் ஆலயத்தை அழையுங்கள்.